துண்டுத் தாள்களிலிருந்து பிறக்கும் கலை

ஓவியம் என்றதும் வண்ணமும் தூரிகையும்தான் பலருடைய நினைவுக்கு வரும். 1912ஆம் ஆண்டில் பாப்லோ பிக்காசோ அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தார். பிரம்பு நாற்காலியை வரைய வேண்டிய இடத்தில், பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணியை வெட்டி ஒட்டினார். சட்டத்திற்குப் பதிலாகப் படத்தைச் சுற்றிக் கயிற்றைப் பொருத்தினார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக், மரப்பலகை போன்ற கோடுகள் அச்சிடப்பட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் கரிக்கோல் படத்தில் ஒட்டினார். ‘ஒட்டுதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘கொலாஜ்’ என்னும் பெயர் வந்தது. தமிழில் இதனை ஒட்டுப்படம் எனலாம். தாளோடு நில்லாமல் வண்ணம், கரி, துணி, நூல், மணல் போன்றவையும் சேரும்போது அது கலப்பு ஊடகப் படைப்பாகிறது.

ஒட்டப்படும் பொருள் ஒவ்வொன்றும் தன் பழைய வாழ்க்கையையும் படத்திற்குள் கொண்டுவருகிறது. தூரிகையால் பூசிய சிவப்பு வெறும் சிவப்புதான். அங்பாவ் உறையிலிருந்து வெட்டிய சிவப்போ சீனப் புத்தாண்டையும் நினைவூட்டும்.

சிங்கப்பூர் ஓவியர் கோ பெங் குவான் இதனை நன்கு அறிந்தவர். இந்தோனேசியாவின் மேடான் நகரில் 1937ஆம் ஆண்டு பிறந்த இவர், 1960களில் நியூயார்க் நகருக்குச் சென்று ஓவியம் பயின்றார். அங்குக் கற்ற ஒட்டுப்பட முறையைத் தாயகம் திரும்பிய பின்னரும் தொடர்ந்தார். சைனாடவுன் பகுதியில் கிடைத்த தாள்களும் துணிகளும் அவர் படங்களில் இடம்பெற்றன. முறையை வெளியிலிருந்து பெற்றாலும் பொருளைத் தம் தெருவிலிருந்தே எடுத்துக்கொண்டார். யூஓபி வங்கி 1982ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்திய ஓவியப் போட்டியில், ‘மணல்மேடு’ என்று பொருள்படும் ‘தி டூன்’ என்னும் அவருடைய படைப்பு முதற்பரிசு பெற்றது. 1989ஆம் ஆண்டில் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது.

வெட்டி ஒட்டுவது சிறுபிள்ளை வேலை என்று தோன்றலாம். செய்து பார்த்தால்தான் தாளின் குணம் புரியும். பசையில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தாள் சற்று விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. அப்போது அடியிலுள்ள மெல்லிய தாளையும் அது இழுத்து வளைத்துவிடும். இதனால்தான் கனமான அட்டையை அடித்தளமாகக் கொள்கின்றனர். அட்டையும் வளைந்தால், அதன் பின்புறத்தில் இன்னொரு தாளை ஒட்டி இழுவிசையைச் சமன்செய்கின்றனர். பசையைக் குறைவாகப் பூசி, ஒட்டிய படத்தின்மீது சுத்தமான தாளை விரித்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரவு விட்டுவைப்பதும் உதவும்.

கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு கூர்மையாக இருக்கும். கையால் கிழித்தால் அது மென்மையாகத் தெரியும். அச்சிட்ட சஞ்சிகைத் தாளைக் கிழிக்கும்போது பெரும்பாலும் ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளைக் கீற்றுத் தோன்றும். மற்றத் துண்டில் தோன்றாது. அந்தக் கீற்றைக் கடல் அலையின் நுரையாகவோ மலைமேல் படர்ந்த பனியாகவோ பயன்படுத்தலாம். நாளிதழ்த் தாளில் கவனம் தேவை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சம் பட்டு மாறுவதால், அத்தாள் விரைவில் மஞ்சளாகிவிடும். வீட்டு அச்சுப்பொறியில் மைத்தெளிப்பு முறையில் அச்சிட்ட நிழற்படமும் ஈரம் பட்டால் கரைந்து ஓடக்கூடும். பிடித்தமான படத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு மூலையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பொருள்களின் குணத்தை அறிந்த பின்னரும் ஒரு தடை எஞ்சி நிற்கும். “ஒன்றும் தோன்றவில்லை” என்று வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்துவிடும் மாணவர்கள் பலர். இங்கே ஒட்டுப்படத்திற்கு ஒரு தனி வசதி உண்டு. கையிலுள்ள ஒரு துண்டு, தன் பக்கத்தில் எதை வைக்கலாம் என்ற கேள்வியைத் தானே எழுப்பும். யோசனை வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் உழைத்தார். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் டிராம் வண்டிச் சீட்டுகள், அஞ்சல்தலைகள், பொட்டலத் தாள்கள் எனப் பிறர் எறிந்தவற்றைப் பொறுக்கிப் படங்கள் செய்தார். ‘கொமர்ட்ஸ்’ என்ற அச்செழுத்துச் சொல்லிலிருந்து வெட்டி எடுத்த ‘மெர்ட்ஸ்’ என்னும் துண்டையே தம் கலைக்குப் பெயராக்கினார். நாஜி அரசு அவர் படைப்புகளை இழிவுபடுத்தியது. 1937ஆம் ஆண்டில் அவர் நார்வேக்குத் தப்பிச் சென்றார். 1940இல் அங்கிருந்தும் வெளியேறிப் பிரிட்டனை அடைந்தார். அங்கே எதிரி நாட்டவர் என்று ஐல் ஆஃப் மேன் தீவில் ஓராண்டுக்கும் மேலாகத் தடுத்து வைக்கப்பட்டார். முகாமில் வண்ணமும் திரைச்சீலையும் எளிதில் கிடைக்கவில்லை. அவர் தரைவிரிப்பைப் பெயர்த்து அதன்மேல் வரைந்தார். காலைக் கஞ்சியைக் கொண்டு சிற்பமும் செய்தார். அந்தச் சிற்பங்கள் பூஞ்சை பிடித்து நாறின என்று சொல்வார்கள். வசதிகள் எல்லாம் அமைந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால், அவர் வாழ்வில் அப்படியொரு நாள் வந்திருக்காது.

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸின் தடை வேறு வகையானது. 1941ஆம் ஆண்டில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான அவரால் முன்போல் நின்று வரைய இயலவில்லை. பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் நேரடியாக வெட்டத் தொடங்கினார். தாளுக்கு வண்ணம் பூசியவர்கள் அவருடைய உதவியாளர்கள். உடல்நலம் குன்றியவர் பொழுதுபோக்காகச் செய்த வேலை என்று இதனை ஒதுக்க முடியாது. அவர் செய்தவற்றில் மிகத் துணிவானவை இந்தப் படங்களே. 1952ஆம் ஆண்டில் நீந்துவோரைக் காணக் கான் நகர நீச்சல் குளத்திற்குச் சென்ற அவர், வெயில் தாளாமல் வீடு திரும்பினார். பின்னர்த் தம் உணவறையின் சுவரைச் சுற்றி வெள்ளைத்தாளை ஒட்டச் செய்து, நீலத் தாளில் வெட்டிய நீச்சல் உருவங்களை அதன்மேல் வரிசையாக அமைத்தார்.

மத்தீஸ் கையாண்ட முறையை வகுப்பறையிலும் பின்பற்றலாம். வெட்டிய துண்டுகளை அவர் உடனே ஒட்டிவிடவில்லை. உதவியாளர்கள் அவற்றைச் சுவரில் சிறு ஊசிகளால் குத்தி வைப்பார்கள். அவர் நாள்கணக்கில் பார்த்து, இதைச் சற்று மேலே, அதைச் சற்று இடப்பக்கம் என்று மாற்றச் சொல்வார். முடிவு செய்த பிறகே பசை. மறுநாள் காலையில் கண்விழிக்கும்போது, முடியாத வேலை எதிர்ச்சுவரிலேயே இருக்கும். இன்று அப்படங்களை அருங்காட்சியகத்தில் அருகில் நின்று பார்ப்பவர்கள், தாளில் சிறுசிறு ஊசித் துளைகளைக் காணலாம்.