கால்நடை மருத்துவராக விரும்புகிறீர்களா?

காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகிறீர்கள். "என்ன செய்கிறது? எப்போதிலிருந்து?" என்று அவர் கேட்கிறார். நீங்கள் சொல்லும் பதிலிலேயே நோய் பாதி புலப்பட்டுவிடுகிறது. பசுவிடம் அப்படிக் கேட்க முடியுமா? அதன் உடல்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் படிக்கத் தெரிந்தவரே கால்நடை மருத்துவர்.

அந்தப் படிப்பில் சேர ஆசைப்படும் மாணவ மாணவியர், 'இப்போதே நாம் என்ன செய்யலாம்?' என்று கேட்பதுண்டு. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் உங்கள் வேலையல்ல. நலமான விலங்கு எப்படி இருக்கும் என்பதை அறிவதே முதல் பாடம். நலத்தை அறியாதவர் நோயை எப்படி அறிவார்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாதுவான பசு இருக்கிறதா? உரியவரைக் கேட்டுக்கொண்டு, அவர் அருகில் இருக்கும்போது தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் விநாடி முள் உள்ள கடிகாரமும் போதும்.

முதலில், சற்றுத் தள்ளி நின்று அதன் விலாவைக் கவனியுங்கள். நிழலில் ஓய்வாக நிற்கும் பசு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 30 தடவை மூச்சு விடும். வெயிலில் இது கூடும். அடுத்து, இடப்பக்கம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முட்டியை மெல்ல அழுத்தி வையுங்கள். உள்ளே பெரிய இரைப்பை அசைந்து உங்கள் கையைத் தள்ளும். 2 நிமிடத்தில் ஏறக்குறைய 3 தடவை இப்படி நிகழ வேண்டும். மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, சாணம் எப்படி, பால் எவ்வளவு, காது வெதுவெதுப்பாக உள்ளதா என்றெல்லாம் பார்த்துத் தேதியுடன் எழுதுங்கள்.

காதைத் தொட்டுப் பார்ப்பதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அதிகம் பால் தரும் பசு கன்று ஈன்ற 3 நாட்களுக்குள் சில சமயம் தள்ளாடிப் படுத்துவிடும். கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். இதற்குப் 'பால் காய்ச்சல்' என்று பெயர். ஆனால் காய்ச்சல் இருக்காது, காதுகள் சில்லிட்டிருக்கும்! திடீரெனப் பால் சுரப்பதால் இரத்தத்திலுள்ள கால்சியம் பாலுக்குப் போய்விடுகிறது. கால்சியம் குறைந்தால் தசைகள் சரிவர இயங்கா. கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் பசு இறக்கவும் கூடும். மருத்துவர் கால்சியத்தை இரத்தக் குழாய் (சிரை) வழியாக மெதுவாகச் செலுத்தினால் பெரும்பாலும் எழுந்து நின்றுவிடும். வேகமாகச் செலுத்தினாலோ இதயமே நின்றுவிடலாம். ஆகவே அந்த வேலை அவருடையது. காது குளிர்ந்ததை முதலில் கண்டு அவரை அழைத்துவரும் வேலை உங்களுடையதாக இருக்கலாம். பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறிய உதவியல்ல.

நகரத்தில் இருப்பவர்கள் நாய், ஆடு, கோழி ஆகியவற்றைக் கவனிக்கலாம். பசுவின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 டிகிரி பாரன்ஹீட். கோழிக்கோ 106-க்கு மேல். நமக்குக் கடும் காய்ச்சலாகும் வெப்பம் கோழிக்கு நலத்தின் அடையாளம்!

விடுமுறை நாட்களில் பெற்றோருடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சென்று, ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மருத்துவர் மாட்டை எந்தப் பக்கமிருந்து அணுகுகிறார், எதை முதலில் தொடுகிறார் என்று கவனியுங்கள். எல்லா விலங்குகளும் பிழைத்துவிடுவதில்லை. கடன் வாங்கி வாங்கிய பசுவை இழந்தவரின் முகத்தையும் அங்கே பார்க்க நேரலாம். அதைப் பார்த்த பிறகும் இத்தொழில் வேண்டும் என்று தோன்றுகிறதா? உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல வழியில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. எச்சில் ஒழுகும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாக எண்ணி வாயில் கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். விலங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருச்சிதைந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். விலங்கைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் நடந்து வருகிறது. 1989 முதல் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே உள்ளது. பட்டப்படிப்பு, பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள். பிரிட்டன் போன்ற நாடுகளில், விண்ணப்பிப்பவருக்கு விலங்குகளோடு பழகிய அனுபவம் உண்டா என்றும் கல்லூரிகள் பார்க்கின்றன. இங்கே பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்தான் இடத்தை முடிவு செய்கிறது. ஆகவே உயிரியலையும் வேதியியலையும் இயற்பியலையும் ஊன்றிப் படியுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் என்றோ ஒரு நாள் வாயில்லாத நோயாளி ஒன்று உங்கள் முன் வந்து நிற்கும்போது, நீங்கள் இன்று பழகிய கண்ணும் கையும் உங்களுக்குத் துணைநிற்கும்.