நின்று பார்த்தவரா? பார்ப்பதை நிறுத்தியவரா?
மெமோவுக்குப் பதில் எழுதும்போது ஒரு 'டு' செய்யும் வேலை

மல்லாபூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. இரவு ஷிப்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ஏதோ புதுச் சத்தம் கேட்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்த தொழிலாளி ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு மெஷினைச் சோதித்துப் பார்க்கிறார். அதனால் அன்றைய உற்பத்தி சற்றுக் குறைகிறது. மறுநாள் காரணம் கேட்டு மெமோ வருகிறது. அவர் கஷ்டப்பட்டு எழுதிக் கொடுக்கும் பதில் இது: 'ஐ ஸ்டாப்ட் செக்கிங் தி மெஷின்.'

இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். அவர் சொல்ல நினைத்தது, 'மெஷினைச் சோதிக்க வேலையை நிறுத்தினேன்' என்பது. எழுதியதோ, 'மெஷினைச் சோதிப்பதை நிறுத்திவிட்டேன்' என்பது. 'ஐ ஸ்டாப்ட் டு செக் தி மெஷின்' என்று எழுதியிருந்தால் அவர் பொறுப்பான தொழிலாளி. 'டு' விழுந்து 'இங்' ஏறியதால், காகிதத்தில் அவர் கவனக்குறைவான ஆள்!

மல்லாபூர், நாச்சாரம், மௌலாலி, செர்லபள்ளி வட்டாரங்களில் கடைத்தெருவுக்குத் தெலுங்கு போதும்; ஆட்டோவுக்கு ஹிந்தி போதும்; வீட்டுக்குத் தமிழ் இருக்கிறது. ஆனால் லீவு லெட்டர், மெமோவுக்கு விளக்கம், வேலை மனு, பிராவிடண்ட் ஃபண்டு கடிதம் என்று வரும்போது பெரும்பாலும் ஆங்கிலம்தான். வாய்ப்பேச்சில் தவறினால் கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். ஃபைலில் ஏறிய காகிதம் அப்படி விடாது.

தமிழே உரைகல்

இதில் பயப்பட ஒன்றுமில்லை. 'டு'வா, 'இங்'கா என்ற சந்தேகம் வந்தால், சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தமிழ் வெகு காலமாகவே அறிந்திருக்கிறது. தொல்காப்பியம் 'செய்து' என்பதையும் 'செய' என்பதையும் வெவ்வேறு வினையெச்ச வாய்பாடுகளாகவே வைத்திருக்கிறது.

'கதவைப் பூட்ட மறந்தேன்' என்றால் கதவு திறந்தே கிடந்தது. இதற்கு 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்.' 'கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்' என்றால் பூட்டியாயிற்று, நினைவுதான் இல்லை. இதற்கு 'ஐ ஃபர்காட் லாக்கிங் தி டோர்.' ஸ்டோர் ரூமில் சாமான் காணாமற்போன அன்று இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல.

'வால்வைத் திறக்க முயன்றேன்' என்பது 'ஐ ட்ரைட் டு ஓப்பன் தி வால்வ்.' திறந்ததோ இல்லையோ, முயற்சி செய்தார். 'வால்வைத் திறந்து பார்த்தேன்' என்பது 'ஐ ட்ரைட் ஓப்பனிங் தி வால்வ்.' திறந்தார், பலன் இருக்கிறதா என்று பார்த்தார். 'திறக்க', 'திறந்து' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களே வழி காட்டிவிடுகின்றன.

பொதுவாக, தமிழில் 'செய்ய' என்று வந்தால் ஆங்கிலத்தில் 'டு' வரும். 'செய்வதை', 'செய்ததை', 'செய்து பார்த்தேன்' என்று வந்தால் 'இங்' வரும். 'செய்ய ஒப்புக்கொண்டேன்' என்பது 'அக்ரீட் டு டூ'. 'செய்து முடித்தேன்' என்பது 'ஃபினிஷ்ட் டூயிங்'. 'செய்வதைத் தவிர்த்தேன்' என்பது 'அவாய்டட் டூயிங்'.

இந்த உரைகல் எல்லா இடத்திலும் செல்லாது. 'வர முடியும்', 'வர வேண்டும்' என்பதிலும் 'செய' வாய்பாடுதான் இருக்கிறது. ஆனால் 'கேன்', 'மஸ்ட்' இரண்டும் 'டு'வை ஏற்பதில்லை. 'ஐ கேன் கம்' என்றே எழுத வேண்டும். 'லெட் ஹிம் கோ', 'மேக் ஹிம் சைன்' என்பவற்றிலும் 'டு' கிடையாது.

வேலை மனு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஐ யூஸ்ட் டு ஒர்க் நைட் ஷிப்டு' என்றால், முன்பு இரவு ஷிப்டு பார்த்து வந்தேன், இப்போது இல்லை என்று பொருள். 'ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் நைட் ஷிப்டு' என்றால், இரவு ஷிப்டு எனக்குப் பழக்கமானதே என்று பொருள். இரவு வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எதை எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அகராதியும் ஒரு ஆசிரியர்

எந்த வினைக்குப் பின் எது வரும் என்பதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக முறைப்படுத்திக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஏ.எஸ். ஹார்ன்பி. இவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை நேரில் கண்டவர். இவரும் நண்பர்களும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. வினைச்சொற்களை 25 அமைப்புகளாகப் பிரித்துக் காட்டியது அதன் சிறப்பு. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. மாணவர்கள் இன்றும் வாங்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததே. அதில் ஒரு வினைச்சொல்லைப் புரட்டினால் பொருளோடு, 'டு' வருமா, 'இங்' வருமா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். பலர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்!

நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சீர்படுத்த 1958-ல் ஏற்பட்ட மத்திய ஆங்கிலக் கல்வி நிலையமும் ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. 1972-ல் அயல்மொழிகளும் அதில் சேர்ந்தன. 2007-ல் அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆயிற்று. மல்லாபூரிலிருந்து நாச்சாரம், ஹப்சிகுடா வழியாகப் போனால் தார்நாக்கா பக்கம் அதைக் காணலாம்.

கடின உழைப்பாளியைச் சோம்பேறியாக்கும் 'லி'

அடுத்தது வினையடை, அதாவது பள்ளிக்கூடத்தில் 'அட்வெர்ப்' என்று சொல்லிக் கொடுத்தது. தமிழில் 'ஆக' சேர்த்தால் வினையடை வந்துவிடும்: வேகம், வேகமாக, கடினம், கடினமாக. ஆங்கிலத்தில் 'லி' சேர்த்தால் போதும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். 'ஸ்லோ', 'ஸ்லோலி' என்பது சரி. ஆனால் 'ஹார்ட்' என்பதற்கு 'லி' சேர்த்தால் பொருளே மாறிவிடும். 'ஐ ஒர்க்ட் ஹார்ட்' என்றால் கடினமாக உழைத்தேன். 'ஐ ஹார்ட்லி ஒர்க்ட்' என்றால் வேலையே செய்யவில்லை என்று சொல்லும்படி இருந்தேன்! சம்பள உயர்வு கேட்கும் கடிதத்தில் இது வந்தால் என்ன ஆகும்?

'லேட்', 'லேட்லி' இரண்டும் அப்படியே. 'ஐ கேம் லேட்' என்றால் தாமதமாக வந்தேன். 'லேட்லி' என்றால் 'சமீப காலமாக'.

'மட்டும்' என்ற சொல் தமிழில் சேர வேண்டிய சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில 'ஒன்லி' பெரும்பாலும் முன்னால் நிற்கும். 'இரண்டு நாள் மட்டும் லீவு எடுத்தேன்' என்பது 'ஐ டுக் லீவ் ஃபார் ஒன்லி டூ டேஸ்.' அதையே 'ஒன்லி ஐ டுக் லீவ்' என்று தொடங்கினால், மற்ற யாரும் லீவு எடுக்கவில்லை, நான் ஒருவன்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

'உடனே' எதைச் சேர்ந்தது?

தமிழும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'பாக்கிச் சம்பளத்தை உடனே தருவதாக மானேஜர் ஒப்புக்கொண்டார்' என்றால் தெளிவு. 'மானேஜர் உடனே பாக்கிச் சம்பளத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டார்' என்றால்? உடனே தருவாரா, அல்லது உடனே ஒப்புக்கொண்டதோடு சரியா?

ஆங்கிலத்திலும் இதே வம்புதான். 'தி மானேஜர் இம்மீடியட்லி ப்ராமிஸ்ட் டு பே' என்றால், வாக்குக் கொடுத்ததுதான் உடனே நடந்தது. பணம் எப்போது வரும் என்று அதில் இல்லை. 'தி மானேஜர் ப்ராமிஸ்ட் டு பே இம்மீடியட்லி' என்றால் பணமே உடனே வர வேண்டும். 'ப்ராமிஸ்ட் இம்மீடியட்லி டு பே' என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இழுக்கலாம். சம்பள பாக்கிக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கு இது வெறும் இலக்கண விஷயமல்ல.

'டு'வுக்கும் வினைக்கும் இடையில் வேறு சொல்லை நுழைக்கக் கூடாது என்று சில ஆசிரியர்கள் கண்டிப்பதுண்டு. இங்கிலாந்தில் 1864-ல் ஹென்றி ஆல்ஃபோர்டு என்ற பாதிரியார் தமது நூலில் இந்த வழக்கத்தை ஆட்சேபித்தார். ஆனால் 1926-ல் வெளிவந்த புகழ்பெற்ற பிரயோக அகராதியில் எச்.டபிள்யூ. ஃபௌலர், வாக்கியம் இரு பொருள் படுவதைவிட 'டு'வைப் பிரிப்பதே மேல் என்று கருத்துத் தெரிவித்தார். ஆகவே 'ப்ராமிஸ்ட் டு இம்மீடியட்லி பே' என்று யாராவது எழுதினால் அதைக் குற்றமென்று அடித்துவிட வேண்டியதில்லை. பொருள் அதில் தெளிவாகவே இருக்கிறது.

காகிதத்தை மேஜையில் வைப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் செலவிட்டால் போதும். 'டு', 'இங்', 'லி', 'ஒன்லி' வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றையும் திரும்பத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். தமிழில் வருவது, மனத்தில் நினைத்ததுதானா? ஆம் என்றால் கையெழுத்திடலாம். சத்தம் கேட்டதும் நின்று மெஷினைப் பார்த்த தொழிலாளிக்கு, எழுதி முடித்ததும் நின்று தன் வாக்கியத்தைப் பார்ப்பது பெரிய காரியமல்ல.