படர்தாமரை

நம் முன்னோர் நோய்களுக்கு இட்ட பெயர்களுட் சில கவிதைக்கு நிகரானவை. அரித்து வருத்தும் ஒரு சரும நோய்க்குத் தாமரை என்று பெயர் சூட்டியவனின் உள்ளத்தை எண்ணி நான் வியந்ததுண்டு. அத்தாமரை என் உடலிலேயே பூத்தபோதுதான், 'படர்' என்ற முதற் சொல்லின் பொருள் விளங்கிற்று.

சென்ற சித்திரையில் மதுரைக்குச் சென்றிருந்தேன். கட்டுகஸ்தோட்டையில், மகாவலிக் கரைக் காற்றில் பழகிய உடம்பு வைகைக் கரை வெயிலில் வியர்த்துக் கொட்டியது. ஊர் மீண்ட மறுவாரம், வேட்டி இறுகும் இடுப்பில் செப்புக்காசு போன்றதொரு வட்டம் எழுந்தது. நடுவிடம் தெளிந்திருக்க, ஓரம் சிவந்து விரிந்தது. இரவில் அரிப்பு உறங்க விடவில்லை.

வைத்தியரிடம் செல்ல நாணினேன். முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் போதித்தவன், சொறிந்துகொண்டு அவர்முன் நிற்பதா? நண்பரொருவர் இந்தியாவிலிருந்து கொணர்ந்த களிம்பைத் தந்தார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. நிறுத்தியதும் முன்னிலும் மூர்க்கமாய் மூண்டது. மீண்டும் பூசினேன். ஒரு மாதத்தில் வட்டங்கள் உருக்குலைந்து வயிற்றிலும் தொடையிலும் பரவின. ஒருநாள் என் மனைவி, ஒன்றும் பேசாமல், தன் முழங்கையை என்முன் நீட்டினாள். அங்கும் அதே வட்டம்! இருவரும் ஒரே துவாயைத்தான் பயன்படுத்தி வந்தோம்.

அன்றே கண்டிக்குச் சென்றோம். சரும வைத்தியர் தோலின் செதில்களைச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுத் துளியிட்டு, நுணுக்குக்காட்டியில் எனக்கே காட்டினார். கிளைத்த நூல்கள் போன்ற பூஞ்சை இழைகள் தெரிந்தன.

"தோலின் மேற்படையிலுள்ள கெரற்றின் புரதமே இதன் உணவு, மாஸ்டர்" என்றவர், களிம்புக் குழாயை வாங்கிப் பார்த்தார். "இதில் குளோபெற்றசோல் என்னும் வீரியமிக்க ஸ்டீரொய்டு இருக்கிறது. உங்கள் உடல் பூஞ்சையை எதிர்ப்பதால் உண்டாவதே இந்தச் சிவப்பும் அரிப்பும். இது அந்த எதிர்ப்பை அடக்கிவிட்டது, பூஞ்சையை அழிக்கவில்லை."

அவர் மேலும் சொன்னவை என்னைத் திகைக்க வைத்தன. வழக்கமான டெர்பினபின் மருந்துக்கு எளிதில் பணியாத ஒரு பூஞ்சை இந்தியாவில் பெருகியிருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு 'ட்ரைக்கோபைற்றன் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர். 2023இல் நியூயோர்க்கில் இரு பெண்களிடம் அது காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒருவர் பங்களாதேஷில் இருந்தபோது நோயுற்றவர். மற்றவரோ அண்மையில் வெளிநாடு எதற்கும் சென்றிராதவர். இத்தகைய கலவைக் களிம்புகளைத் தாமாகப் பூசிக்கொள்வதும் இதன் பெருக்கத்துக்கு ஒரு காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். எம்மைப் பற்றியதும் அதுதானா என்பதை மரபணுச் சோதனையே உறுதிப்படுத்தும் என்றார் வைத்தியர்.

எம் இருவருக்கும் இட்ராகொனசோல் மாத்திரை தந்தார். அரிப்பு நின்றாலும், அவர் சொல்லும்வரை நிறுத்தலாகாது என்பது கட்டளை. துணிகளைச் சுடுநீரில் தோய்த்து நன்கு உலர்த்தினோம். வாரங்கள் பல சென்றபின் தோல் தெளிந்தது.

இதனை எழுத இன்றும் கூச்சமே. ஆயினும் சென்ற வாரம் அந்த நண்பர் வந்து, "அந்தக் களிம்பில் மிச்சம் ஏதும் உண்டா?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். அவர் கை இடுப்பருகே இருந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். இருவருமாகக் கண்டிக்குப் பஸ் ஏறினோம்.