பகல் முழுக்க டயட்... சாயந்திரம் 5 மணிக்கு வடை! மாலைப் பசியை சமாளிப்பது எப்படி?

காலையில் ரெண்டு இட்லியோடு நிறுத்தியாச்சு. மதியம் சோறும் பாதிதான். "இன்னைக்கு சரியா இருந்துட்டோம்" என்ற திருப்தியில் இருக்கும்போது மணி 5 ஆகும். டீக்கடையில் வடை பொரியும் வாசனை வரும். அடுத்த பத்து நிமிஷத்தில் ரெண்டு வடை, ஒரு டீ, ஒரு கை மிக்சர் உள்ளே போயிருக்கும். கூடவே, "டயட் எல்லாம் நமக்கு சரிப்பட்டு வராதுப்பா" என்ற அலுப்பும் வந்துவிடும்.

அரியலூர் மாவட்டத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல அன்னை ஆலயத்துக்குப் பேர் போன ஏலாக்குறிச்சியை எடுத்துக்கோங்க. வயல் வேலை முடிச்சு வீடு திரும்புறவங்க, அரியலூர், திருமானூர் பக்கம் வேலைக்குப் போய் பஸ்ஸில் வந்து இறங்குறவங்க என எல்லாருக்கும் பசி எடுப்பது இந்த நேரத்தில்தான். ஊர் எதுவானாலும், எடை குறைக்க முயற்சி செய்யும் பலர் தோற்றுப்போவது காலையில் இல்லை, சாயந்திரம்தான்.

இதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது மட்டும்தானா? இல்லை. நம்ம உடம்பே அப்படித்தான் வேலை செய்கிறது. அது தெரிந்தால் சமாளிப்பதும் சுலபம்.

இது ஏன் முக்கியம்?

தேசிய குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம். ஆண்களில் இது சுமார் 37 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது.

அந்த முந்தைய நிலையில் இருக்கிறவங்க எடையைக் கொஞ்சம் குறைத்தாலே சர்க்கரை நோய் வருவதைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தடுக்கவும் செய்யலாம். அதனால் சாயந்திர வடை விஷயம் வெறும் தொப்பைப் பிரச்சினை இல்லை.

சாயந்திரம் மட்டும் ஏன் இப்படிப் பசிக்குது?

முதல் காரணம், உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ஆய்வாளர்கள் 12 பேரை மங்கலான வெளிச்சம் உள்ள ஆய்வுக்கூடத்தில் பல நாள் தங்க வைத்து, அவர்களின் பசியை அளந்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதன் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது, பசி மிகக் குறைவாக இருந்தது காலை 8 மணி வாக்கில். மிக அதிகமாக இருந்தது இரவு 8 மணி வாக்கில். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல் ஆசையும் அதே நேரத்தில்தான் கூடியது. காலையில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது சுலபமாகவும், சாயந்திரம் கஷ்டமாகவும் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம், பகலில் நாம் வைக்கும் கடன். காலையிலும் மதியமும் ரொம்பக் குறைத்துவிட்டால் வயிறு அதை மறக்காது. வயிற்றில் சுரக்கும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் ஏறி, "சாப்பாடு எங்கே?" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாயந்திரம் அந்தக் கடன் வட்டியோடு திரும்பி வரும்.

மூன்றாவது, பழக்கம். தினமும் 5 மணிக்கு டீயும் வடையும் சாப்பிட்டுப் பழகிய உடம்பு, அந்த நேரம் வந்ததும் பசியைத் தயாராக வைத்திருக்கும். வாசனை வந்தாலே போதும், வாயில் எச்சில் ஊறும்.

எடை குறையக் குறைய பசி கூடுமா?

கூடும். டயட் ஆரம்பிக்கிறவர்களிடம் பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம் இது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, 1 கிலோ எடை குறைந்தால், முன்பைவிட நாளுக்கு சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி உடம்பு தூண்டுகிறது.

அதாவது 4 கிலோ குறைத்தவருக்கு, ஆரம்பித்த நாளைவிட இப்போதுதான் பசி அதிகம். "முதல் மாசம் முடிஞ்சுது, இப்ப முடியலையே" என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பு இல்லை. பட்டினியால் இந்தப் பசியை ஜெயிக்க முடியாது. திட்டம் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.

ரெண்டு வடை, ஒரு டீ: கணக்கு என்ன?

அளவையும் எண்ணெயையும் பொறுத்து மாறினாலும், தோராயமான கணக்கு இது:

- உளுந்து வடை 1: 100 முதல் 150 கலோரி
- 2 ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ 1: 80 முதல் 100 கலோரி
- மிக்சர் 50 கிராம் (ரெண்டு சின்னக் கைப்பிடி): சுமார் 250 கலோரி
- பரோட்டா 1, சால்னா இல்லாமல்: 250 முதல் 300 கலோரி

எடை குறைக்க நினைக்கிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது, நாளுக்கு சுமார் 500 கலோரி குறைப்பது. ரெண்டு வடை, ஒரு டீ, கொஞ்சம் மிக்சர் சேர்ந்தாலே அந்த 500 திரும்ப வந்துவிடும். பகல் முழுக்கப் பட்ட கஷ்டம் பத்து நிமிஷத்தில் காலி.

முந்திரியும் கடலையும் நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் அளவு முக்கியம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி விளைவதால் அரியலூர் மாவட்ட வீடுகளில் அது சுலபமாகக் கிடைக்கும். 30 கிராம் முந்திரியில், அதாவது சுமார் 20 பருப்பில், 170 கலோரி வரை இருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே டப்பாவைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால் 20 என்பது 60 ஆவது தெரியாது. எண்ணெயில் வறுத்து உப்பு, மிளகாய்த்தூள் போட்டதென்றால் இன்னும் வேகமாகக் காலியாகும்.

சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வையுங்கள். கடலைக்கும் இதே கணக்குதான். வறுத்ததைவிட வேகவைத்த கடலையில் தண்ணீர் அதிகம் இருப்பதால், அதே எடைக்குக் கலோரி குறைவு.

அப்போ 5 மணிக்கு என்ன சாப்பிடலாம்?

சாயந்திரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று முடிவெடுப்பதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. பசி உச்சத்துக்குப் போன பிறகு கையை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அதனால் பசி முற்றுவதற்கு முன்பே, 4.30 மணி வாக்கில், 150 முதல் 200 கலோரிக்குள் ஒரு சிற்றுண்டியை நீங்களே முடிவு செய்து வைத்துவிடுங்கள். அதில் புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் வயிறு ரொம்ப நேரம் தாங்கும்.

- கொண்டைக்கடலை சுண்டல், வெந்தது 100 கிராம்: சுமார் 160 கலோரி. தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் 45 கலோரி கூடும்.
- பச்சைப்பயறு சுண்டல், அதே அளவு: சுமார் 105 கலோரி
- வேகவைத்த முட்டை 2: சுமார் 150 கலோரி, 12 கிராம் புரதம்
- பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து ஒரு சின்னக் கிண்ணம்
- ஒரு கொய்யாப்பழம், கூடவே ஒரு டம்ளர் மோர்
- மார்கழி, தை மாதங்களில் வேகவைத்த பனங்கிழங்கு

டீயை விட வேண்டாம். சர்க்கரையை 2 ஸ்பூனில் இருந்து 1 ஆக்குங்கள், அப்புறம் அரை ஸ்பூனுக்கு வாங்க. சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். ராத்திரி தூக்கம் கெடுகிறவர்கள் 5 மணிக்கு மேல் டீ, காபியைத் தவிர்ப்பது நல்லது.

பசியா, ஆசையா? கண்டுபிடிக்க ஒரு வழி

வடை வேண்டும் என்று தோன்றும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போ காலையில மிஞ்சின இட்லி கொடுத்தா சாப்பிடுவேனா?" சாப்பிடுவேன் என்றால் அது பசி. தாமதிக்காமல் சாப்பிடுங்கள். "இட்லி வேணாம், வடைதான் வேணும்" என்றால் அது ஆசை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, 15 நிமிஷம் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அந்த வேகம் தணிந்துவிடும்.

தணியவில்லையா? ஒரு வடை சாப்பிடுங்கள். வாரத்தில் ரெண்டு நாள் ஒரு வடை சாப்பிட்டதால் யாருடைய டயட்டும் கெட்டுப்போகாது. "ஒண்ணு சாப்பிட்டாச்சு, இன்னைக்கு போச்சு" என்று நினைத்து நாலு சாப்பிடும்போதுதான் கெடுகிறது.

காலை, மதியத்தில் என்ன மாற்றணும்?

சாயந்திரப் பசிக்கான மருந்து பாதி, காலைத் தட்டில்தான் இருக்கிறது. நம்ம சாப்பாட்டில் சோறு, இட்லி, தோசை என்று மாவுச்சத்துதான் அதிகம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாள் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. பருப்பு, முட்டை, மீன், காய்கறி ஆகியவற்றைக் கூட்டச் சொல்கிறது.

- காலையில் 2 இட்லியோடு ஒரு முட்டை, அல்லது சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.
- மதியம் சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். கீரை, பொரியல், கூட்டு, மீன் குழம்பில் உள்ள மீன் என நிரப்புங்கள்.
- ராத்திரி சாப்பாட்டை முடிந்தவரை சீக்கிரம் முடியுங்கள். 16 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், அதே சாப்பாட்டை 4 மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, உடம்பு செலவழித்த கலோரியும் குறைந்தது.
- தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் கிரெலின் ஏறும், பசி கூடும். சிமென்ட் ஆலை போன்ற இடங்களில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பாட்டை முடித்துவிட்டு, நடு இரவில் சுண்டல், முட்டை போன்ற சின்ன உணவை வைத்துக்கொள்ளலாம்.

யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவோ, சாயந்திரச் சிற்றுண்டியைத் தவிர்க்கவோ கூடாது. மருந்து அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் வந்தால் அதை சாதாரணப் பசி என்று நினைக்காதீர்கள். உடனே 3 ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்கு அழைக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், அல்சர் உள்ளவர்கள் தாங்களாகவே கலோரியைக் குறைக்கக் கூடாது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, பிபி, சர்க்கரையை இலவசமாகப் பார்த்துவிட்டு, அங்குள்ள டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்கலாம்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

ராத்திரி படுக்கும் முன் ஒரு கை கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள். காலையில் வேகவைத்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் 4.30-க்கு அதைச் சாப்பிட்டுவிட்டு, 5 மணிக்கு டீக்கடைக்குப் போங்கள். வடை அங்கேதான் இருக்கும். ஆனால் அதை வாங்கலாமா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கிற நிலையில் நீங்கள் இருப்பீர்கள்.