பார்வை இல்லாதவர்களுக்காகப் பேசும் இலவச மென்பொருள்!

நூம்பலுக்குப் பக்கத்திலுள்ள பூந்தமல்லியில், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் கணினியை இயக்க, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் 'ஸ்கிரீன் ரீடர்' வேண்டும். முன்பெல்லாம் அதன் விலையே பல ஆயிரம் ரூபாய்.

2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 'என்.வி.டி.ஏ' என்ற ஸ்கிரீன் ரீடரை உருவாக்கத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே கைகோத்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விண்டோஸ் கணினியில் இயங்கும் இது முற்றிலும் இலவசம். யார் வேண்டுமானாலும் மேம்படுத்தலாம் என்பதால் தமிழும் சேர்ந்தது.

ஆனாலும் ஒரு சிக்கல். இணையதளத்தில் படமாக வைத்த பட்டனுக்குப் பெயர் எழுதாவிட்டால், வெறுமனே 'பட்டன்' என்றுதான் கேட்கும். அது பணம் அனுப்பவா, ரத்து செய்யவா? தெரியாது!

மென்பொருள் எழுதுபவரா நீங்கள்? மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தை ஒருமுறை காதால் கேட்டே பயன்படுத்திப் பாருங்கள்.