உலகச் சாம்பியனான சிற்றூர்
உங்களுக்குத் தெரியுமா?

ஸ்காட்லாந்தின் லீவன் பள்ளத்தாக்கில், துணிக்குச் சாயம் தோய்க்கும் ஆலைகளை நம்பி வாழ்ந்த சிற்றூர் ரென்டன். 1888-இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற அதன் கால்பந்துக் கழகம், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனையும் 4-1 என வீழ்த்தி, ‘உலகச் சாம்பியன்’ என்று தன்னை அறிவித்துக்கொண்டது. இரண்டே நாடுகளின் அணிகள் மோதியது எப்படி உலகப் போட்டியாகும் என்று கேட்கலாம். அன்றைய வலுவான அணிகள் எல்லாம் அந்த இரு நாடுகளில்தான் இருந்தன. ஆகவே அது வெற்றுப் பெருமை அல்ல. ஆனால் இங்கிலாந்தில் 1885 முதலே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரலாம்; ஸ்காட்லாந்திலோ 1893 வரை தடை. சம்பளம் தேடித் திறமைசாலிகள் தெற்கே போனார்கள். சிற்றூரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரென்டனை வீழ்த்தியது ஆட்டத்திறன் குறைவல்ல, பணம்தான். 1922-இல் கழகம் கலைந்தது.