மலையில் இறங்கும் கறுப்புக் குழாய்

கம்போங் ராஜா பக்கம் போய்வந்த தோழர்கள் கண்டிருப்பார்கள். தேயிலைச் சரிவு, காய்கறிக் கொட்டகை, லயத்துக் கொல்லை, எங்கு பார்த்தாலும் கறுப்புக் குழாய்கள் சாரைப்பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும். 'பாலிபைப்பு' என்போம். மலை ஓடைத் தண்ணீர் இதில்தான் இறங்குகிறது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் வரும் வழியாயிற்றே, அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கும் நம் மண்ணுக்கும் ஒரு பழைய பகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக, மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவைத்தான் போர்த்தினார்கள். 1933-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் கிப்சன், ஃபாசெட் என்னும் இருவர் வேறெதையோ தேடப்போக, மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே பாலிதீன். கட்டாபெர்ச்சாவைக் கடலிலிருந்து விரட்டியதும் அதுதான். 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்தில் கெட்டியான பாலிதீனைச் செய்யும் வழி கண்டார். இன்றைய தண்ணீர்க் குழாய் அந்த வகையைச் சேர்ந்தது.

குழாய் ஆலையில் நடப்பது முறுக்குப் பிழிகிற வேலைதான். அரிசி போன்ற பிளாஸ்டிக் குருணையைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். சூடான உருளைக்குள் நீண்ட திருகு ஒன்று சுழன்று அதை முன்னே தள்ள, சுமார் 200 பாகைச் சூட்டில் கூழாகிறது. அச்சின் நடுவே முளை இருப்பதால் கூழ் வளையமாக வெளிவரும். அதைத் தண்ணீர்த் தொட்டி வழியே இழுத்து ஆறவைத்துச் சுருட்டுகிறார்கள். கறுப்பு நிறம் அழகுக்கல்ல. நூற்றுக்கு இரண்டு பங்கு போல் கரித்தூள் சேர்க்காவிட்டால் வெயிலில் வெடித்துப்போகும்.

இழுக்கும் வேகத்தில் இருக்கிறது சூட்சுமம். வேகமாக இழுத்தால் குழாய்ச் சுவர் மெலியும். சரக்கு மிச்சம், விலை மலிவு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான்.

மலைநாட்டில் இந்த மெலிவு பொல்லாதது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு 'பார்' அழுத்தம் ஏறும். ஓடை லயத்துக்கு மேலே 80 மீட்டரில் இருந்தால் கீழே 8 பார். குழாயில் 'பி.என். 6' என்று அச்சிட்டிருந்தால் அது 6 பாருக்குத்தான் செய்தது. இரவில் எல்லோரும் பைப்பை மூடியதும் முழு அழுத்தமும் அதன்மேல் உட்காரும். நாளாக ஆக மூட்டு கழன்றுவிடும், அல்லது விடியற்காலை 'பைப்பு வெடிச்சிருச்சு' என்று சத்தம் வரும். மண்டோரைத் திட்டிப் பயனில்லை. சரிவின் நடுவில் ஒரு திறந்த தொட்டி வைத்தால் அழுத்தம் அங்கேயே தணிந்துவிடும்.

இதே முறையில் பிழிந்த பி.வி.சி. குழாய் மின்கம்பிக்கு உறையாகிறது. மென்மையாக்கினால் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறது. (அதன் பழைய துண்டுகளைக் கொல்லையில் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையில் அமிலம் உண்டு.) பாலிதீன் குழாயோ காய்கறிக் கொட்டகைக்குள் சொட்டுச் சொட்டாக உரத்தண்ணீர் விடுகிறது.

நமக்குக் கவலை அந்தக் கொட்டகையில்தான். உரமும் மருந்தும் போகிற குழாயும் கறுப்பு, குடிதண்ணீர் வருவதும் கறுப்பு. கொட்டகையில் மிஞ்சின பைப்பை லயத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். ஒரே குழாயில் கிளை பிரித்து, முனையை மருந்துத் தொட்டிக்குள் முக்கி வைக்கிறார்கள். மேலே தண்ணீர் நின்றுபோனால் தொட்டியில் உள்ளது பின்னோக்கி உறிஞ்சப்பட்டு லயத்துக்கு வந்துவிடும். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. மற்ற மருந்துகள் என்ன, தீர்த்தமா? குடிதண்ணீருக்கு நீலக்கோடு போட்டு, எம்.எஸ். 1058 என்று அச்சிட்ட குழாயைத்தான் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. 'ஓடை பக்கத்துலதானே இருக்கு, நீங்களே பைப்பு வாங்கி இழுத்துக்குங்க' என்று ஒரு தோட்டத்தில் நம்மிடமே சொன்னார்கள். ஓடை பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேலே வேறொருவரின் காய்கறித் தோட்டமும் இருக்கிறது.

பெரட்டுக்களத்தில் வாய்ப்பேச்சாகச் சொல்வது போதாது. குழாய்மேல் உள்ள அச்சு, தண்ணீர் எடுக்கும் இடம், அதற்கு மேலே என்ன பயிர் என்பதை எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். தொழிலாளர் இலாகாவுக்கு எழுத நமக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.